சேலம் ஆஸ்பத்திரியில் ஒரு ஷெஃபீல்டுச் சொல்

1

சென்ற வியாழக்கிழமை காலை நானும் என் மனைவி சரசுவும் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். இங்கே ஷெஃபீல்டில் ஏற முடியாதவர்கள் நின்றால் ஓட்டுநர் ஒரு விசையை அழுத்துவார். யானை மண்டியிடுவது போல வண்டியின் முன்பக்கம் தாழும். அன்றைக்கு வந்த ஓட்டுநர் கழுத்து வரை பச்சை குத்தியவர், நல்ல கனம். வண்டியைத் தாழ்த்திவிட்டு, அவசரமில்லை லவ், மெதுவாக ஏறுங்கள் என்று அவர் மொழியில் சொன்னார். சரசு முதலில் ஊன்றுகோலை மேலே வைத்து, பிறகு காலை வைத்து, ஏறி நின்று, "டா, லவ்" என்றாள். 'டா' என்றால் ஷெஃபீல்டில் நன்றி என்று பொருள். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பின்னால் ஏறிய என்னையும் அவர் லவ் என்றார். நான் வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினேன்.

உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. சரசுவைச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்து அன்றோடு ஒரு வருடம். அவளிடம் அதைச் சொல்லவில்லை. ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. நான் பேசுகிறவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் வேறு. எழுதும்போது எதிரில் ஆள் இருப்பதில்லை என்பதால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

2

எனக்குச் சேந்தமங்கலம். நாமக்கல் பைபாஸில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தேன். ராசிபுரத்துக்காரர் ஒருவர் ஷெஃபீல்டில் ஓட்டல் திறந்தபோது என்னை அழைத்துக்கொண்டார். வந்து சேர்ந்த மறுநாளே பஸ் ஓட்டுநர் ஒருவர், தாடி வைத்த ஆள், சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே என்னை லவ் என்றார். எனக்குத் தெரிந்த லவ் எல்லாம் சினிமாவிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் இருந்ததுதான். அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை. இந்த ஊர் முழுக்க மேடு. மழையில் நனைந்துகொண்டு மேடேறி வேலைக்குப் போனேன். ஏன் நனைந்து வருகிறாய் என்று முதலாளி கேட்டுக் கேட்டு, கடைசியில் சொல்லிவிட்டேன். அவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங் மாஸ்டர், அந்தாளு உங்க மேல ஆசப்பட்டுட்டான்னா நெனச்சீங்க? போயிக் கண்ணாடியப் பாருங்க போங்க."

பிறகு அவரே விளக்கினார். ஷெஃபீல்டு இருக்கிற இந்த யார்க்‌ஷயரில் எல்லோரும் எல்லோருக்கும் லவ்தான். ஆண் ஆணையும் சொல்வான். மீன் விற்கிற பெண்ணும் சொல்வாள், தபால்காரரும் சொல்வார். பக்கத்து மாவட்டத்துக்குப் போனால் அதே இடத்தில் 'டக்', அதாவது வாத்து என்பார்கள். வடக்கே போனால் 'பெட்', வளர்ப்புப் பிராணியைச் சொல்கிற சொல். இத்தனை வருடத்தில் நானாகவும் சில தெரிந்துகொண்டேன். 'ஸ்வீட்ஹார்ட்' என்று நர்ஸ் சொன்னால் அடுத்து ஊசி வரப்போகிறது. 'மேட்' என்று ஆண்கள் சொல்வது நட்புக்கும் உண்டு, சண்டைக்கு முன்னும் உண்டு. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'டியர்' என்று அழுத்திச் சொன்னால் உனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறார்கள். சரசுவுக்கும் குழந்தைக்கும் விசா கேட்டு ஒரு அலுவலகத்துக்கு அலைந்த நாட்களில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்புவார். அப்போதும் 'ஸாரி லவ்' என்றுதான் சொல்வார். அன்போடு அழைத்துக்கொண்டே கதவைச் சாத்தலாம் என்பதை அங்கேதான் பார்த்தேன். அர்த்தமில்லாத சொல் என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டேன். இன்றுவரை என் வாயில் அது வரவில்லை.

ஒருவழியாக விசா கிடைத்து, சரசு குழந்தையோடு வந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் மதியச் சாப்பாடு பரிமாறும் வேலைக்குப் போனாள். அவள் எட்டாவது வரை படித்தவள். என்னைவிட அவள் மேல். ஒரு மாதத்தில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். பட்டாணி வேணுமா லவ், தட்டை நேராகப் பிடி லவ் என்று வரிசையில் வரும் பிள்ளைகளிடம் சொல்வதை நானே ஒருநாள் வாசலில் நின்று கேட்டேன். எப்படி வாய் வருகிறது என்று கேட்டதற்கு, "அதுல என்னங்க இருக்குது? நம்மூர்ல கொழந்தைய சாமீங்கறமில்ல? பேரு தெரியாத புள்ளைக்கி ஒண்ணுமே சொல்லாம எப்புடிச் சோறு போடறது?" என்றாள்.

3

வீட்டில் நாங்கள் ஒருவரை ஒருவர் எப்படி அழைத்துக்கொண்டோம் என்பதைச் சொல்லவேண்டும்.

அவள் என்னை 'ஏனுங்க' என்பாள். நம் பக்கத்தில் கண்டக்டரையும் கடைக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்றாலும், அவள் அதைச் சொல்லும்போது கொஞ்சம் இழுப்பாள். அந்த இழுப்பு எனக்கு மட்டும்.

நான் அவளை எப்படியும் கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லக் கூச்சம். 'ஏ புள்ள' என்று அதட்டிக் கூப்பிடவும் வராது. கல்யாணமான புதிதில் செருமுவேன். பிறகு தொழில் கைகொடுத்தது. லாரி ஓட்டலில் கூட்ட நேரத்தில் மாஸ்டர் கத்திக்கொண்டிருக்க முடியாது. பரோட்டா தயார் என்றால் தோசைக் கரண்டியால் கல்லின் விளிம்பில் இரண்டு தட்டு. சப்ளையர் ஓடி வந்து எடுத்துக்கொள்வார். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். விடுமுறை நாளில் சமையல் என்னுடையது. தோசை வெந்ததும் கல்லில் இரண்டு தட்டு தட்டுவேன். மாடியில் இருந்தாலும், "வாரேனுங்க" என்று சரசுவின் குரல் வரும். நாளடைவில் சாப்பாட்டுக்கு மட்டுமில்லை, எதற்கும் அதுதான். கதவில் இரண்டு தட்டு, மேசையில் இரண்டு தட்டு. கடைத்தெருவில் அவள் முன்னால் போய்விட்டால் கம்பியில் சாவியால் இரண்டு தட்டு.

எங்கள் மகள் நந்தினி பள்ளியில் படித்தபோது ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். அவள் தோழிகளின் அப்பாக்கள் அம்மாக்களை லவ் என்றும் டார்லிங் என்றும் கூப்பிடுகிறார்கள், நீங்கள் அம்மாவை நாய்க்குட்டியைக் கூப்பிடுவது மாதிரி கூப்பிடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் கோபமாகப் பேசினால் ஆங்கிலம்தான். பிறகு கோபமில்லாதபோதும் ஆங்கிலம்தான் என்றானது. சரசு கரண்டியோடு திரும்பி, "உனக்கென்ன தெரியும், போ கண்ணு" என்றாள். ஆனால் அது என் மனதில் கிடந்தது.

4

போன வருடம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோம். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நாலைந்து நாள் கழித்து ஒரு காலை, அண்ணன் வீட்டு வாசலில் அண்ணியோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சரசுவின் கையிலிருந்து கொத்து நழுவியது. எடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அண்ணனே காரை எடுத்தார். நாமக்கல்லில் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார்கள்.

மூளையில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையும் காலும் மெல்ல வரும். பேச்சுதான் எப்படி என்று சொல்ல முடியாது என்றார். நாம் சொல்வது அவளுக்குப் புரிகிறதா என்பதும் தெரியவில்லை.

சில நாட்கள் அவள் வாயே திறக்கவில்லை. ஒரு காலை வார்டைக் கூட்டுகிற அம்மா கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை நீட்டி, "காலத் தூக்கிக்க சாமி" என்றார். சரசு அவரைப் பார்த்து, தெளிவாக, "லவ்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேசிவிட்டாளே. ஆனால் அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அது ஒன்றுதான். ரத்தம் எடுத்த பையனுக்கு லவ். பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு லவ். டாக்டருக்கு லவ். மற்ற சொற்கள் எல்லாம் அடைபட்டுப் போயின, தினமும் நூறு முறை நடந்த பாதை மட்டும் திறந்திருக்கிறது, இப்படி நடப்பதுண்டு என்று டாக்டர் சொன்னார்.

மத்தியானம் அண்ணனும் அண்ணியும் தூக்குப் போசியில் கஞ்சி கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கத்தில் கணவனின் அண்ணனுக்கு எதிரில் பெண்கள் நிற்க மாட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து சரசு அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் அண்ணி வழியாகத்தான் போகும். அண்ணன் போசியை மேசையில் வைத்தார். சரசு அவர் முகத்தைப் பார்த்து, "லவ்" என்றாள். அண்ணன் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போய்விட்டார்.

அண்ணி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "என்ன தம்பி இது? நல்லாருந்தப்ப அவிய முன்னால தலையக்கூட நிமித்த மாட்டா. சாமி கீமி பாக்கோணுமா?"

"அப்புடியில்லீங்க அண்ணி. அங்க எல்லாரையும் அப்புடித்தான் கூப்புடுவாங்க. அதுக்கு அர்த்தமே கெடையாதுங்க."

இதையே பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சொன்னேன். பார்க்க வந்த உறவுக்காரர்களிடம் சொன்னேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடமும் சொன்னேன். மேட்டூரிலிருந்து வந்த ஒரு பங்காளி, "அர்த்தமில்லாத ஒரு வார்த்தையச் சொல்லவா அத்தன தூரம் கப்பலேறிப் போனீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

என்னைப் பார்த்தும் அவள் லவ் என்றாள். முதல் தடவை வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூச்சம் போன பிறகுதான் பயம் வந்தது. கூட்டுகிற அம்மாவிடம் எந்தக் குரலில் சொன்னாளோ அதே குரல். அதே பார்வை. டாக்டர், உங்கள் வீட்டுக்காரர் யார், காட்டுங்கள் என்று கேட்டபோது, சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்துச் சிரித்து லவ் என்றாள். நான் அவளுக்கு யார் என்பது அவளுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால், இத்தனை வருடமும் எங்கே போயிற்று?

நந்தினி ஷெஃபீல்டில் பேச்சுப் பயிற்சிக்கு எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாள். ஆனால் விமானக் கம்பெனிக்கு டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும்: கூட வருபவர் யார் என்று நோயாளிக்குத் தெரிகிறது, அவர் சொன்னால் கேட்பார் என்று. டாக்டர் நல்ல மனிதர்தான். இன்னும் அப்படி எழுத முடியவில்லை என்றார். போனில் முகம் பார்த்துப் பேசும்போது சரசு மகளையும் லவ் என்றாள். நந்தினி அழுதுகொண்டே சிரித்தாள். அபூர்வமாகத் தமிழில் பேசினாள்.

"அம்மா என்னை எப்பவும் அப்படித்தானேப்பா கூப்பிடுவாங்க, ஸ்கூலுக்கு நடந்து போறப்ப."

எனக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் நான் ஓட்டலில் மாவு பிசைந்துகொண்டிருப்பேன்.

5

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வார்டுக்கு வருவாள். சின்ன வயது, நிதானமான பெண். தினமும் காதில் விழுந்த குரலும் சொல்லும் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றவை வரும் என்றாள். உங்கள் வீட்டம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டாள். ஏனுங்க என்று சொன்னேன்.

"நீங்க அவங்கள எப்படிணா கூப்புடுவீங்க?"

சரசுவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவள் நான் யோசிக்கிறேன் என்று நினைத்துக் காத்திருந்தாள். பிறகு, பெயரைச் சொல்லியே கூப்பிட்டுப் பாருங்கள் என்றாள். நாளைக்குச் செய்கிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். சரசு. சரசு. காவலாளி ஒருவர் வந்து, யாரைத் தேடுகிறீர்கள், எந்த வார்டு என்று கேட்டார். ஒருத்தரையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். அந்தப் பெண் இருந்தாள். கட்டிலின் பக்கத்தில் நின்று, "சரசு" என்றேன். என் குரலே எனக்கு வேறு ஆளுடையதாக இருந்தது. அவள் திரும்பினாள், என் பக்கம் இல்லை, வாசல் பக்கம். யார் வந்திருக்கிறார்கள் என்று தேடினாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அவள் அப்பாவும் அம்மாவும் அண்ணன்மாரும்தான். இந்தக் குரலில் அந்தப் பெயரை அவள் கேட்டதே இல்லை. மறுபடி சொன்னேன். மறுபடி வாசலைப் பார்த்தாள்.

"வேற எப்படியாச்சும் கூப்புடுவீங்களாணா? செல்லப் பேரு ஏதாச்சும்?"

அண்ணன் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் சொல்லாமல் முடியாது. "கூப்புடறது இல்லீங்க. தட்டுவேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. அண்ணன் கொண்டுவந்திருந்த கஞ்சிப் போசியின் மூடியில் கரண்டி இருந்தது. அதை எடுத்தேன். போசியின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினேன்.

சரசுவின் தலை சட்டென்று என் பக்கம் திரும்பியது. கரண்டியைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். இடது கையால் போர்வையைத் தள்ளி, கால்களைக் கட்டிலுக்குக் கீழே இறக்கப் பார்த்தாள். உதடு எங்கெங்கோ போனது.

"வா... ரேனுங்க."

அந்தப் பெண் கெட்டிக்காரி. என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய், சரசுவுக்குத் தெரியாமல் ஜன்னல் கம்பியில் அதேபோல இரண்டு தட்டு தட்டினாள். சத்தம் அங்கிருந்துதான் வந்தது. சரசு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்தாள், கொஞ்சம் எரிச்சலோடு பார்த்தாள். அதுதான் வாரேன் என்று சொல்லிவிட்டேனே, இன்னும் எதற்குத் தட்டுகிறீர்கள் என்கிற பார்வை. அந்தப் பார்வையை நான் எங்கே இருந்தாலும் அடையாளம் சொல்வேன்.

டாக்டரையும் வரச்சொல்லிக் காட்டினார்கள். விமானக் கம்பெனிக்கான கடிதத்தை அன்றே எழுதிக் கொடுத்தார்.

வெளியே வராந்தாவில் அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "நீங்களும் ஒரு ஆளு. இத்தன வருசத்துல ஒருக்காவாவது தட்டியிருப்பீங்களா?"

6

ஷெஃபீல்டு வந்த பிறகு பேச்சு ஒவ்வொன்றாகத் திரும்பியது. தமிழ்தான் முதலில். தண்ணி, போதும், வலிக்குது, நந்தினி. ஏனுங்க வருவதற்கு வெகுநாள் ஆனது; வந்தபோது அந்த இழுப்பு இல்லை, பிறகு அதுவும் வந்தது. வாரத்துக்கு ஒருநாள் பயிற்சிக்குப் போகிறோம். அந்த வியாழக்கிழமை பஸ்ஸில் போனதும் அதற்குத்தான். நந்தினி இப்போதெல்லாம் எங்களோடு தமிழிலேயே பேசப் பார்க்கிறாள், அம்மாவுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். தப்புத் தப்பாகப் பேசுகிறாள். சரசு திருத்துகிறாள். திருத்துகிற அளவுக்கு அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அன்று பயிற்சி முடிந்து வந்து, நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். சரசு கூடத்தில் அண்ணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்து, என்னைக் கேட்டாள்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரில என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டீங்களாமா?"

அவளுக்கு அந்த நாட்கள் ஒன்றும் நினைவில்லை. அண்ணி இந்த ஒரு வருடமாக அடக்கிவைத்திருந்துவிட்டு, இன்றைக்கு என்று பார்த்துச் சொல்லியிருக்கிறார். நான் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"உங்களத்தானுங்க. கூப்புட்டீங்களா?"

"அந்தப் பொண்ணு சொல்லுச்சு" என்றேன்.

"எங்க, இன்னொருக்கா சொல்லுங்க. எனக்குக் காதுல உழுகவே இல்லையே."

தோசையை ஊற்றினேன். வெந்தது. எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கரண்டியால் கல்லில் இரண்டு தட்டு தட்டினேன். கூடத்தில் சத்தமே இல்லை. இன்னொரு முறை தட்டினேன்.

"காது கேக்கறதில்லீங்க" என்றாள் அங்கிருந்தே. "டாக்டர்கிட்டச் சொல்லோணும்."

அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்பது குரலில் தெரிந்தது. தோசை ஆறிக்கொண்டிருந்தது. யாரும் இல்லாத சமையலறையில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, புகைபோக்கி விசிறி ஓடுகிற சத்தத்துக்குள், அவளுக்குக் கேட்காது என்கிற நம்பிக்கையில் சொன்னேன்.

"சரசு."

பிறகு கூடத்திலிருந்து குரல் வந்தது.

"வாரேன், லவ்."

சேலத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், அதற்கு அர்த்தமே கிடையாது என்று. அடுப்பை அணைத்தேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்து, ஊன்றுகோலைத் தரையில் தட்டித் தட்டிச் சமையலறைப் பக்கம் வருகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.